குடைக்குள் வாளும் வலம்வந்த கைகளும்

ஐம்பெருங்காப்பியங்களை வகுப்பில் நடத்தும்போது குண்டலகேசிக்கு நாம் ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் கால்மணியைத் தாண்டுவதில்லை. நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை, கிடைத்தவை 19 பாடல்கள், இயற்றியவர் நாதகுத்தனார், பௌத்தக் காப்பியம், இதற்குச் சமணர் தந்த மறுப்பே நீலகேசி. இவ்வளவையும் சொல்லி, கள்வனை மணந்து பின்னர் அவனை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொன்ற ஒருத்தியின் கதை என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டால் பாடம் முடிந்தது. தேர்வுக்கு அது போதும். ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரி எளிதில் விட்டுவிடக்கூடியதன்று. குற்றவுலகைச் சேர்ந்த ஆண். அவனை நம்பிக் கெட்ட பெண். அவள் கையால் நிகழும் கொலை. உலகத் திரைப்படத்தில், குறிப்பாக ஜப்பானியத் திரைப்படத்தில், பெருஞ்செல்வாக்குப் பெற்ற ஓர் உருவம் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காப்பியத் தலைவியாக இருந்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து நாம் கேட்க விரும்புவது ஒரே கேள்விதான்: கொன்றபின் அவள் என்ன ஆனாள்?

ஜப்பானியப் படங்களின் கொலைகாரிகளை நம் வாசகர்களுள் பலர் அறிந்துகொண்டது 2003-இல் வெளிவந்த குவென்டின் டரான்டினோவின் 'கில் பில்' வழியாகவே. டோக்கியோவின் யாகுசாக் கும்பல்களுக்குத் தலைவியான ஓ-ரென் இஷீ, பனி மூடிய தோட்டத்தில் வெண்ணிற உடையில் வாளேந்தி நிற்கும் காட்சியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் காட்சியும், அதன் முடிவில் ஒலிக்கும் பாடலும், 1973 டிசம்பரில் வெளிவந்த 'ஷுரயுகிஹிமே' என்னும் ஜப்பானியப் படத்திடம் பட்ட கடன். அப்பாடலைப் பாடியவர் அப்படத்தின் நாயகி கஜி மெய்கோ. இடையில் ஒரு செய்தி: ஓ-ரென் தன் பெற்றோரைக் கொன்றவனைப் பழிவாங்கும் சிறுவயதுக் கதையைக் 'கில் பில்' ஓவிய அசைவுப் படமாகக் காட்டுகிறது. அவ்வாறு காட்டுவதற்குத் தூண்டுதலாக இருந்தது ஓர் இந்தியப் படம் என்று டரான்டினோ தம்மிடம் கூறியதாக அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் கமல்ஹாசனின் 'ஆளவந்தான்' (2001), இந்தியில் 'அபய்'. நம் ஊரில் ஓடாத படம் எங்கெங்கோ சென்று யார் யாரையோ பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கொலைகாரிகள் ஜப்பானியத் திரையில் தோன்றிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டில் ஜப்பானியத் திரையரங்குகளில் விற்ற நுழைவுச்சீட்டுகள் 112 கோடிக்கு மேல். தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. 1972-இல் அந்த எண் 20 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. குடும்பங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டன; திரையரங்குக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் தனித்து வாழ்ந்த ஆண்களுமே. தொலைக்காட்சியில் காட்டமுடியாத எதையாவது அவர்களுக்குக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் நிறுவனங்கள் இருந்தன. தோயெய் நிறுவனம் சூதாட்டக் கும்பல்களின் கதையைப் பற்றிக்கொண்டது. 'யாகுசா' என்ற சொல்லே சூதாட்டத்திலிருந்து வந்ததுதான். எட்டு, ஒன்பது, மூன்று என்ற சீட்டுகள் சேர்ந்தால் கூட்டுத்தொகை இருபது. அவ்விளையாட்டில் கடைசி இலக்கமே கணக்கு என்பதால் அதன் மதிப்பு சுழியம். ஒன்றுக்கும் உதவாத கை என்பதே ஒன்றுக்கும் உதவாத மனிதனுக்குப் பெயராயிற்று.

அந்தச் சூதாடிகளின் கூட்டத்துக்குள் 1968-இல் ஒரு பெண் நுழைந்தாள். தோளில் சிவந்த பியோனி மலரைப் பச்சை குத்தியிருந்த ஒர்யூ. ஃபூஜி ஜுன்கோ அவளாக நடித்த படவரிசை 1972 வரை எட்டுப் படங்களாக நீண்டது. சூதாடிக் குடும்பத்துத் தலைவனான தன் தந்தையைக் கொன்றவனைத் தேடி ஊர் ஊராக அலையும் அவள், அது முடியும்வரை தன் பெண்மையை ஒத்திவைத்திருப்பவள். கொலைக்குப் பின் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்ற வினாவைப் படங்கள் தொடவில்லை. அடுத்த படத்தில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டன. நடிகைக்கோ அந்த வினாவுக்கு ஒரு விடை இருந்தது. 1972-இல் கபுகி நடிகர் ஒருவரை மணந்து அவர் திரையிலிருந்து விலகினார். (பின்னர் சுமிகோ என்ற பெயருடன் திரும்பி வந்தார் என்பது தனிக்கதை.)

அதே 1972-இல் இதோ ஷுன்யாவின் இயக்கத்தில் 'பெண் கைதி 701: தேள்' வெளிவந்தது. இதில்தான் கஜி மெய்கோ. காவல்துறையைச் சேர்ந்த காதலன் ஒருவன் யாகுசாக்களை வேவுபார்க்க அவளைத் தூண்டிற்புழுவாக்கிக் கைவிடுகிறான். அவள் சிறை செல்கிறாள், தப்புகிறாள், அவனைத் தேடி வருகிறாள். கஜி மெய்கோவின் தனிச்சிறப்பு அவர் பேசாமலிருந்தது. மூலச் சித்திரக்கதையில் அந்தப் பாத்திரம் வசை பொழிபவள்; கஜியோ வசனங்களையெல்லாம் களைந்து கண்களை மட்டும் வைத்துக்கொண்டார். நான்கு படங்களில் அவர் பேசிய சொற்களைத் திரட்டினால் நம் திரைப்பட நாயகன் ஒருவனின் அறிமுகக் காட்சிக்குக்கூடக் காணாது.

இந்த மரபின் உச்சம் 'ஷுரயுகிஹிமே'. கொய்கே கசுவோ எழுதிக் கமிமுரா கசுவோ வரைந்த சித்திரக்கதையை ஃபூஜிதா தோஷியா படமாக்கினார். கதை நிகழ்வது மெய்ஜிக் காலத்தில். கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் 1873-இல் வந்தபோது மக்கள் அதனை இரத்த வரி என்று அஞ்சினர். அவ்வச்சத்தைப் பயன்படுத்திக் கிராமத்தாரை ஏய்த்துப் பணம் பறிக்கும் நால்வர், வெள்ளுடை அணிந்து ஊருக்கு வந்த பள்ளி ஆசிரியர் ஒருவரை அரசாங்க ஆள் என்று பழிசுமத்திக் கொல்கிறார்கள். அவர் மனைவி சாயோ நால்வருள் ஒருவனைக் கொன்று சிறை செல்கிறாள். எஞ்சியவர்களைக் கொல்லத் தனக்குக் கை போதாது என்பதால் ஒரு பிள்ளையைப் பெற முடிவு செய்கிறாள். சிறைக் காவலர்களோடு கூடிக் கருவுற்று, பனி பெய்யும் இரவில் ஒரு பெண்ணைப் பெற்று இறந்துபோகிறாள். அந்தப் பிள்ளைதான் யுகி. 'யுகி' என்றால் பனி. குடையின் கைப்பிடிக்குள் வாளை ஒளித்துக்கொண்டு நடப்பவள்.

பெயரிலேயே ஒரு சொல்விளையாட்டு உண்டு. 'ஷிரயுகிஹிமே' என்றால் நாம் குழந்தைக் கதைகளில் அறிந்த வெண்பனி இளவரசி. ஓர் உயிரெழுத்தை மாற்றினால் 'ஷுர'. அது வேறொன்றுமில்லை, நம் 'அசுரர்'தான். பௌத்தம் கூறும் ஆறு பிறவி நிலைகளுள் ஓயாத போரின் நிலை அசுர நிலை. சமஸ்கிருதத்திலிருந்து சீனம் சென்று, அங்கிருந்து ஜப்பான் சேர்ந்து, முதலெழுத்து தேய்ந்து, இருபதாம் நூற்றாண்டில் ஒரு கொலைகாரியின் பெயரில் வந்து அமர்ந்துகொண்டது. பிறக்கும் முன்பே அவள் வாழ்வு தீர்மானமாகிவிட்டது என்பதை அப்பெயர் சொல்கிறது. முடிவும் அதற்கேற்றதே. இறுதி ஆளைக் கொன்றுவிட்டுக் காயத்தோடு வெளியே வரும் யுகியை, அவள் முன்னர்க் கொன்ற ஒருவனின் மகள் கத்தியால் குத்துகிறாள். பனியில் விழுந்தவள் விடியலில் கண் திறக்கிறாள், படம் முடிகிறது. மறு ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது என்பதற்கு வணிகமே காரணம் என்று நாம் கருதுகிறோம். கதை அவளை அந்தப் பனியிலேயே முடித்துவிட்டது. தாய் விட்டுச்சென்ற வேலையைத் தவிர அவளுக்கென்று ஒரு நாளும் எழுதப்படவில்லை.

இச்சொற்களின் பயணத்தில் இன்னொன்றையும் காணலாம். மெய்ஜிக் காலச் செய்தித்தாள்கள் குற்றம் செய்த பெண்களை 'நச்சுப் பெண்கள்' என்று ஒரு வகையாகவே ஆக்கி விற்றன. அவர்களுள் பெயர்பெற்றவள் தகஹாஷி ஓடென். ஓர் ஆடவனைக் கொன்றதற்காக 1879-இல் தலை வெட்டப்பட்டவள். அவ்வாண்டிலேயே கனகாகி ரோபுன் என்ற எழுத்தாளர் அவள் கதையைப் பரபரப்பு நூலாக்கினார். நூலின் பெயரில் அவளுக்கு அவர் சூட்டிய அடைமொழி 'யாஷா'. இதுவும் நம் சொல்லே. இயக்கர் என்று நாம் தமிழாக்கிக்கொண்ட யட்சர்.

கொன்ற பெண்ணை இயக்கி ஆக்குவது ஜப்பானியருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பழையனூர் நீலியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள், பேயாகி மீண்டு வந்து, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடிக் கொல்கிறாள். அவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் சொன்ன சொல் தவறாமல் தீப்புகுந்தனர். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தரே நினைவுகூரும் அளவுக்குப் பழைய கதை இது. ஆனால் ஊர் போற்றியது எழுபதின்மரின் வாய்மையை. நீலிக்கு மிஞ்சியது 'நீலிக்கண்ணீர்' என்ற வசை. தன்னைக் கொன்றவன் முன் அவள் அழுதாள் என்பதை மொழி நினைவில் வைத்துக்கொண்டது. ஏன் அழுதாள் என்பதை விட்டுவிட்டது. தென்மாவட்டங்களில் அவள் இசக்கியாகிக் கோயில் கொண்டாள் என்பது ஓர் ஆறுதல்.

நீலியிடமிருந்து குண்டலகேசிக்கு ஒரு நேர்வழி உண்டு. சமணர் எழுதிய நீலகேசியின் தலைவி, அந்தப் பழையனூர்ப் பேயே மனம் மாறி அறம் பேசப் புறப்பட்டதாகச் சித்திரிக்கப்பட்டவள். அவள் முதன்முதலாக வாதிட்டு வெல்வது யாரை? குண்டலகேசியை. கொலைசெய்த இருவர், ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுத் தருக்கத்தால் பொருதுகிறார்கள். இப்படியொரு காட்சி எந்த நாட்டுப் பழிவாங்கும் கதையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை.

குண்டலகேசி எங்கோ வடநாட்டில் எழுந்து வழிதவறி இங்கு வந்த கதை என்று எண்ணிவிடவும் வேண்டா. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் சோழர் காலத்துப் புத்தர் சிற்பம் ஒன்று உண்டு. அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் அதிகத் தொலைவில்லை. அத்தலைநகரிலிருந்து ஆண்ட வீரராசேந்திரனின் பெயரால்தான் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கணத்தை இயற்றினார். அதற்குப் பெருந்தேவனார் எழுதிய உரை, விருத்தத்தால் ஆன நூல்களைச் சொல்லுமிடத்தில் குண்டலகேசியைக் குறிக்கிறது. இப்பகுதியில் புத்தரைத் தொழுத மக்களும் வணிகரும் வாழ்ந்த காலத்தில் அந்நூல் ஏட்டில் உயிரோடு இருந்தது. கற்றோர் அறிந்த நூலாக இருந்தது. பின்னர்த் தொழுவோர் அற்றுப்போயினர். கல் தங்கியது, ஏடு தங்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூல் எடுத்து வைத்த பாடல்களே இன்று நம் கையில் உள்ளவை. அவற்றுள் நிலையாமை உண்டு, அவையடக்கம் உண்டு. கள்வன் மலையிலிருந்து விழும் இடம் இல்லை.

எனவே கதையை இரண்டு உரைகளிலிருந்து பெறுகிறோம். ஒன்று, பாலி மொழியில் தேரிகாதைக்குத் தம்மபாலர் செய்த உரை. அவர் தமிழகக் கடற்கரை விகாரை ஒன்றில் வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறது. மற்றது, நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் செய்த உரை. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன என்று கூறுவது வழக்கம். ஒரே கதைதானா?

பாலி உரையில், இராசகிருகத்துச் செல்வன் மகள் பத்தா, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனைச் சாளரத்தின் வழியே கண்டு காதல் கொள்கிறாள். தந்தை பொருள் கொடுத்து அவனை மீட்டு மணம் முடித்துவைக்கிறார். சில நாளில் அவனுக்கு அவள் நகைகள்மீது கண். மலைத்தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் என்று பொய்சொல்லிக் கள்வர்மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். உண்மை தெரிந்ததும் அவள் கடைசியாக ஒருமுறை தழுவிக்கொள்ள வேண்டுகிறாள். முன்னே தழுவி, பின்னே தழுவுவதுபோல் சென்று, தள்ளிவிடுகிறாள். மலையில் உறையும் தெய்வம் அதைக் கண்டு, அறிவு ஆணுக்கு மட்டும் உரியதன்று என்று அவளைப் புகழ்கிறது. கொலையைக் கண்டு புகழும் தெய்வம்!

தமிழ் உரையில் நகை காரணமன்று. ஊடலின்போது அவள் அவனைக் கள்வன் என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவனுக்குப் பொறுக்கவில்லை. மலைக்கு அழைத்துச் சென்று கொல்லப்போவதாகக் கூறுகிறான். தன்னைக் கொல்ல வருபவனை முந்திக்கொள்வதே முறை என்று துணிந்த அவள், சாகும்முன் கணவனை வலம்வர விரும்புவதாகக் கேட்கிறாள். அவன் இசைகிறான், வலம் வருகையில் தள்ளுகிறாள். தழுவல் போய் வலம்வருதல் வந்துவிட்டது. இந்த மாற்றத்தை நாம் சிறியதாக எண்ணவில்லை. யுகிக்குக் குடை எதுவோ அதுவே இவளுக்கு மனைவியின் வழிபாடு. யாரும் ஐயுறாத ஒன்றினுள் ஆயுதம் இருக்கிறது. தன்னைத் தெய்வமாக எண்ணிச் சுற்றிவருகிறாள் என்று நம்பியதாலேயே அவன் முதுகைத் திருப்பாமல் நின்றான். கணவனைத் தொழுவதைப் பெண்ணின் பேரறமாக வைத்த சமூகத்தில் இக்கதை எப்படிக் கேட்கப்பட்டிருக்கும்?

இந்த வலம்வருதல்தான் திரைக்கு வந்தது. 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'மந்திரி குமாரி', மு. கருணாநிதி குண்டலகேசிக் கதையை அடியொற்றி எழுதிய நாடகத்தின் திரைவடிவம். எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கினர். எம்.ஜி.ஆர். தளபதியாக நடித்தார், எனினும் படத்தின் பெயர் மாதுரி தேவி நடித்த அமுதவல்லிக்கு உரியது. ராஜகுருவாக எம். என். நம்பியார், அவர் மகனாக, இரவில் கொள்ளையனாகத் திரியும் பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜன். அமுதவல்லி அவனைக் காப்பாற்ற அம்மன் சிலைக்குப் பின்னால் நின்று தெய்வம் பேசுவதுபோல் பொய் பேசுகிறாள். பிற்பாடு அவன் திருந்தவில்லை என்று அறிந்து, மலையுச்சியில் மும்முறை வலம்வந்து தள்ளுகிறாள். பழங்கதையில் தெய்வம் அவளைப் பற்றிப் பேசியது. படத்தில் அவளே தெய்வமாகப் பேசுகிறாள். பகுத்தறிவு இயக்கத்து எழுத்தாளரின் கைவண்ணம் இது.

மலையேறும்போது கணவன் மனைவியை அழைத்துப் பாடும் பாடல் ஜி. ராமநாதனின் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. எழுபத்தைந்து ஆண்டுகளாகத் தமிழர் அதனைக் காதல் பாட்டாகவே கேட்டு மகிழ்கின்றனர். கொல்வதற்காக அழைத்துச் செல்பவனின் குரல் அது என்பது படம் பார்த்தவர்களுக்கே நினைவில் நிற்பதில்லை. அந்தக் குரலின் இனிமைக்கு அமுதவல்லி மட்டுமா மயங்கினாள்?

தமிழ்த் திரையில் ஆயுதமேந்திய பெண் அதற்கு முன்னும் இருந்தாள். 1935-இல் பம்பாயில் நாடியா சவுக்கேந்தி வந்த 'ஹண்டர்வாலி' வெற்றிபெற, 1937-இல் கே. அமர்நாத் தமிழில் 'மின்னல்கொடி'யை எடுத்தார். கே. டி. ருக்மணி, இறந்துபோகும் கொள்ளைக்காரன் ஒருவனின் பெயரைத் தன் பெயராக்கி, ஆணுடையில் குதிரையேறிக் கொள்ளையடிக்கிறார். அறுபத்தொரு ஆண்டுகள் கழித்து இஷீ தகாஷி இயக்கிய 'கருந்தேவதை' (1998) படத்திலும், தந்தையைக் கொன்ற யாகுசாக்களைத் தேடி வரும் பெண், தன்னைச் சிறுவயதில் காத்த ஒரு கொலைகாரியின் பெயரையே ஏற்கிறாள். வன்முறைக்குள் நுழையும் பெண்ணுக்குத் தன் சொந்தப் பெயர் போதவில்லை. பிறர் பெயரைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. குண்டலகேசியும் பிறந்தபோது பத்திரைதான். சுருண்ட கூந்தலுடையவள் என்னும் பெயர், கொலைக்குப் பின், சமணத் துறவியாகித் தலைமயிர் பறிக்கப்பட்டு அது சுருள் சுருளாக மீண்டும் வளர்ந்தபோது வந்தது.

அண்மைப் படங்களை விரைந்து கடக்கலாம். அருண் மாதேஸ்வரனின் 'சாணிக் காயிதம்' (2022) யுகியின் நேர்வழியில் வந்தது. கீர்த்தி சுரேஷின் பொன்னி குடும்பத்தை இழந்து ஒவ்வொருவராகக் கொல்கிறாள். படம் அத்தியாயங்களாகப் பிரிந்து, அழகாக ஒளியூட்டப்பட்டு, கொலைகளிலேயே தங்கிவிடுகிறது. நமக்கு அதனினும் நெருக்கமானது தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011). குண்டர் தலைவன் வீட்டில் அடைபட்டிருக்கும் சுப்பு, தன்னை நேசிப்பவனாக எண்ணியவனையும் சுட்டுவிட்டுப் பணத்தோடு நடந்து போகிறாள். எங்கே போனாள் என்று படம் சொல்லவில்லை. ஆனால் போனாள்.

பத்தா போன இடம் நமக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கியவள் வீடு திரும்பவில்லை. சமணத் துறவியானாள், வாதம் கற்றாள், ஊர்வாயிலில் மணற்குவியலில் நாவற்கிளையை நட்டு, வாதிட வல்லார் அதனை மிதிக்கலாம் என்று அறைகூவி ஊர் ஊராகச் சென்றாள். சாரிபுத்தரிடம் தோற்றாள். தேரிகாதையில் அவள் பெயரால் ஐந்து பாடல்கள் உள்ளன. அவற்றில் கள்வன் இல்லை, நகை இல்லை, கள்வர்மலை இல்லை. அவற்றையெல்லாம் உரையாசிரியர்தாம் சொல்கிறார். பாடல்களில் வருவது வேறொரு மலை, கழுகுக்குன்றம். அங்கே புத்தரை நேருக்குநேர் கண்டதையும், அவர் பெயர்சொல்லி வா என்று அழைத்ததையும், அந்த அழைப்பே தனக்குத் துறவாக அமைந்ததையும் அவள் கூறுகிறாள். மலைமீது வா என்று அழைத்த குரல்கள் அவள் வாழ்வில் இரண்டு. முதற்குரலை அவள் தன் பாட்டில் சேர்க்கவே இல்லை. அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் ஆகிய நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் பிச்சை ஏற்று, கடன்படாமல் உண்டு திரிந்ததாகச் சொல்கிறாள். ஐந்தாவது பாடல், அவளுக்கு ஓர் ஆடை கொடுத்த இல்லறத்தான் ஒருவனைப் பற்றியது. அறிவுள்ளவன் அவன், மிகுந்த புண்ணியத்தைத் தேடிக்கொண்டான் என்கிறாள்.